கிக்டவுன் கேபிளைக் கழற்றியவர்

எங்கள் ஊரில் கார் வைத்திருக்கிற ஆண்கள் எல்லாருக்கும் காரைப் பற்றி எல்லாம் தெரியும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு அந்த அறிவு இன்னும் பெருகிவிட்டது. நான் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கியபோது தெருவே வந்து பார்த்தது. கிளட்ச் இல்லாத வண்டியா என்று உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, பொம்மை வண்டி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் இடது கால் சின்ன வயதிலேயே போலியோவில் சூம்பிப்போனது. கிளட்ச் மிதிக்க எனக்கு வேறு கால் கிடையாது. அது மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த மேதைகளில் பெரியவர் என் அண்ணன். பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக் கடை வைத்திருக்கிறார். அத்தா இறந்த பிறகு வீட்டில் எதற்கும் அவர் சொல்வதுதான் முடிவு. ஒரு வண்டி நல்லதா கெட்டதா என்பதை அவர் காதால் தீர்மானிப்பார். சத்தம் வந்தால் பெட்ரோல் போகிறது, பெட்ரோல் போனால் வண்டி கெட்டது. இந்தத் தத்துவத்தை ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள், அதுவும் டீக்கடையில் சத்தமாக.

என் காரில் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தால் எஞ்சின் உறுமும். அது கோளாறு இல்லை. ஆக்ஸிலேட்டர் பக்கத்திலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறது. கிக்டவுன் கேபிள் என்பார்கள். கால் முழுதாக அழுந்தியதும் அது இழுபட்டு, கியர்பாக்ஸ் தானாக ஒரு கியர் கீழே இறங்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும், சக்கரத்துக்கு இழுவை கூடும். மேடு ஏறுவதும் லாரியை முந்துவதும் அதனால்தான் நடக்கிறது. இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது நானும் அந்த அண்ணனின் தங்கைதான்.

பல வருடம் காத்திருந்த பிறகு கணக்கு டீச்சர் வேலைக்கு எனக்கு ஆணை வந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. மூன்று வாரத்துக்குள் சேராவிட்டால் வேலை கைவிட்டுப் போகும். மலையில் தனியாகத் தங்க வீட்டில் விடமாட்டார்கள். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் இந்தக் காலோடு தினமும் என்னால் நிற்க முடியாது. கார்தான் ஒரே வழி. அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார்.

"வண்டி மல ஏறட்டும். ஏறுச்சின்னா போ. ஏறலன்னா வேல வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வூட்ல இரு."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. மறுநாளே, சர்வீஸ் பண்ணி எடுத்து வருகிறேன் என்று காரைச் சின்னசேலம் ரோட்டில் இருக்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். திரும்பி வந்த கார் பரம சாது. எவ்வளவு மிதித்தாலும் உறுமல் இல்லை. "பாத்தியா, சத்தம் கம்மி ஆயிடுச்சி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் எனக்காக அலைந்தார் என்று பக்கத்து வீடு வரை போய்ச் சொன்னேன். நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு மலைக்குப் போனோம். அண்ணன் பக்கத்தில், அம்மா பின்னால். கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கிய மூன்றாவது வளைவிலேயே கார் முக்கியது. அடிவரை மிதித்தேன். கியர் இறங்கவில்லை, எஞ்சின் திணறியது. விறகுக் கட்டோடு நடந்து போன ஒரு பெண் எங்களைத் தாண்டிப் போனாள். பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கியர் லீவரைக் கடைசி வரை கீழே இழுத்து, ஊர்ந்து ஊர்ந்து ஓரத்தில் நிறுத்தினேன்.

"உனுக்கு மிதிக்கத் தெரில. டெய்லி இதுல வந்துகினு நடு மலையில நிக்கப் போறியா?" என்றார் அண்ணன்.

அம்மா, "போதும்மா, வூட்டுக்குப் போவலாம்" என்றாள். காரையும் காலையும் படித்த படிப்பையும் திட்டி அழுதேன். வேலை வேண்டாம் என்கிற கடிதத்தை அன்று மாலையே அண்ணன் ஜெராக்ஸ் கடையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவ்வளவு சுறுசுறுப்பாக அவர் எனக்கு எதுவும் செய்ததில்லை. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மறுநாள் காலை, காரை யாருக்காவது தள்ளிவிட முடியுமா என்று கேட்க மெக்கானிக்கிடம் போனேன். மலை ஏறவில்லை என்றதும் அவர் சிரித்தார்.

"எப்டிங்க டீச்சர் ஏறும்? கிக்டவுன் கேபிளத்தான் பாய் கழட்டி வெக்கச் சொன்னாரே. சத்தம் ஜாஸ்தியா கீதுன்னாரு. இது இல்லன்னா மேட்டுல இழுக்காது பாய்னு அன்னிக்கே சொன்னேன்."

"அதுக்கு அண்ணன் இன்னா சொன்னாரு?"

"பரவால்ல, தங்கச்சி மலைக்கெல்லாம் போவப் போறதில்லன்னாரு."

நிபந்தனை போட்ட மறுநாள் சொன்ன வார்த்தை அது. கேபிளைக் கழற்றச் சொன்னார் என்று கேட்டதும் அவரை முட்டாள் என்றுதான் நினைத்தேன். முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

பானெட்டைத் திறக்கச் சொன்னேன். கேபிளின் முனையை ஒரு ரப்பர் குழாயோடு சேர்த்து டேப் சுற்றி வைத்திருந்தார்கள். மெக்கானிக் அதைப் பிரித்து, பழைய இடத்தில் மாட்டி, இழுத்துப் பார்த்துச் சரிசெய்தார். அவரையும் விடவில்லை.

"வண்டி என்னுது. என்னை ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?"

"பாய் சொன்னாருங்க" என்றார். அதற்கு மேல் ஒரு விளக்கம் தேவைப்படும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. ஆணையும் சான்றிதழ்களும் காரிலேயே இருந்தன. நேராக மலைக்கு விட்டேன். ஏற்றத்தில் அடிவரை மிதித்தேன். கியர் இறங்கி எஞ்சின் உறுமியது. நானும் தனியாக உட்கார்ந்துகொண்டு கத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பள்ளியில் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது அண்ணன் போன் செய்தார். எங்கே இருக்கிறாய் என்றார். ஸ்கூலில், சேர்ந்துவிட்டேன் என்றேன்.

"வண்டி எப்டி ஏறுச்சி?" என்று கேட்டார்.

போனை வைத்துவிட்டேன். எப்படி ஏறியது என்று இன்றுவரை சொல்லவில்லை. தினமும் காலையில் நான் கிளம்பும்போது அவர் வாசலில் நின்று காரின் முன்பக்கத்தையே பார்க்கிறார். பானெட்டைத் திறந்து பார்க்க அவருக்கு ஆசை. சாவி என் கைப்பையில் இருக்கிறது.