தண்ணீர் கேட்காத கற்றாழை

கங்கம்மாளை வேலைக்கு வைத்ததே தண்ணீர் ஊற்றத்தான். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை. அதன் வாசலில் ரோஜாவும் குரோட்டன்ஸும். கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றுவாள். டெம்பரரி வேலை. வல்லம் வடகாலில் நடவு, களையெடுப்பு என்று வானத்தைப் பார்த்தே பிழைத்த விதவைக்கு மாதச் சம்பளம் புதிது. பர்மனென்ட் ஆகிவிட வேண்டும் என்பது ஒன்றே அவள் நினைப்பு.

எண்பத்து மூன்றாம் வருடக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரிக்குள் மாடு மேய்ந்தது. தொழிற்சாலைக் கிணற்றில் ஊறிய கொஞ்சமும் உலைக்கூடத்துக்குப் போயிற்று. ரோஜா முதலில் கருகியது.

"இன்னா கங்கம்மா, தோட்டமா இது? அடுப்புல வைக்கத்தான் ஆவும்" என்றார் சூப்பர்வைசர் ரகுபதி. "ஆடி மாசம் பம்பாய் மொதலாளி வர்றாரு. வாசல் பச்சையா இல்லேன்னா உன்னை என்னால காப்பாத்த முடியாது."

பச்சை இருந்த இடம் ஒன்று அவளுக்குத் தெரியும்: ஊர்ச் சுடுகாடு. பிணம் புதைத்த மேட்டை நரி தோண்டாமலிருக்க அதன்மேல் சோற்றுக்கற்றாழை நடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அது பாட்டுக்குப் பெருகும். அங்கிருந்து ஒரு துரும்பைக்கூட யாரும் எடுத்துவர மாட்டார்கள். கங்கம்மாள் தன் புருஷன் மேட்டிலிருந்தே பக்கக்கன்றுகளைப் பிடுங்கினாள். வெட்டுப்பட்ட இடம் ஆறும்வரை நிழலில் போட்டுவைத்தாள். அடியில் ஓட்டை போட்ட கிரீஸ் டப்பாக்களில் மணலும் செங்கல் தூளும் நிரப்பிப் பாதியை நட்டாள். மீதியை வாசல் பாத்தியில். கேட்டவர்களிடம் "ஏரிக்கரைச் செடி" என்றாள்.

முதலாளி வந்தார். தடித்த இலையை அழுத்திப் பார்த்தார். எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறாய் என்று ரகுபதி மூலம் கேட்டார்.

கங்கம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "தண்ணியே வோணாம் சார். ஊத்துனாத்தான் அழுகும். நட்டுட்டு மறந்துடலாம்."

மறு வாரம் அவளைக் கேட்டிலேயே நிறுத்தினார்கள்.

"செடிக்கு இன்னா சார் கொறை?"

"ஒரு கொறையும் இல்ல, அதான்" என்றார் ரகுபதி. "அப்புறம் தண்ணி ஊத்த ஆள் எதுக்குன்னு கேக்கறாரு. நீதானே சொன்னே?"

கேண்டீனில் பாத்திரம் தேய்க்கும் பாஞ்சாலி தலையில் அடித்துக்கொண்டாள். "வாயை மூடிக்கினு காலி குடத்தையாவது தூக்கினு நடந்திருக்கக் கூடாதாடி? இங்க பாதிப் பேரு அப்பிடித்தான் ஓட்டறான்."

ஐப்பசியில் மழை கொட்டி, கிணறு நிரம்பியது. கங்கம்மாள் ஒரு கணக்குப் போட்டாள். கற்றாழை போனால் மறுபடி குரோட்டன்ஸ் வரும். குரோட்டன்ஸ் தண்ணீர் கேட்கும். தண்ணீருக்கு ஆள் வேண்டும். ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் போய் நின்று, அத்தனை பேர் காதிலும் விழக் கத்தினாள்: "இது சுடுகாட்டுக் கத்தாழ! எங்க வூட்டுக்காரரைப் பொதச்ச மேட்டுலேர்ந்து கொண்டாந்தேன்!"

கூட்டம் அப்படியே பின்வாங்கியது. வாட்ச்மேன் யாக்கோபு மட்டும் சிரித்தார். "செத்தும் உன் புருஷன் டூட்டிக்கு வந்துகினு கீறானா? ஓவர்டைமும் உண்டா?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. செடியைத் தாண்டி உள்ளே போக மாட்டோம் என்று ஷிப்ட் ஆட்கள் வெளியிலேயே நின்றார்கள். மதியத்துக்குள் ரகுபதி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிக் குழியில் போட்டு மூடச் செய்தார்.

மறுநாள் கங்கம்மாள் குடத்தோடு வந்தாள். பாத்தி இருந்த இடமெல்லாம் ஜல்லி நிரவி, கொத்தனார்கள் சிமெண்டுத் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"செடி வைக்கலியா?"

"இனிமே செடியே வோணாம்னு ஆர்டர்" என்றார் மேஸ்திரி தசரதன். அவளையும் குடத்தையும் பார்த்தார். "தளம் இறுகுற வரைக்கும் தெனம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தணும். ஒரு வாரத்து வேலை. ஊத்துறியா?"

ஊற்றினாள். வாரம் முடிந்ததும் மணிமங்கலம் பக்கத்துச் செங்கல் சூளைக்குப் போய்ச் சேர்ந்தாள்.