தாழிட்ட புறவாசல்

எனக்கு எட்டு வயதானபோது ஓராண்டு நாங்கள் குடியிருந்த ஸ்காட்லாந்துப் பண்ணைவீட்டின் சமையலறையில், ஈரக் கருங்கல்லும் மாட்டுச் சாணமும் கலந்த வாசனை எந்நேரமும் இருந்தது. அப்பா பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர். வீட்டை வாடகைக்குக் கொடுத்த மார்கரெட் ஆன்ட்டியும் அவர் கணவரும் சரிவில் புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டாலும், அவர்கள் மாடுகள் எங்களுக்குப் பின்னால் பழைய கொட்டிலிலேயே இருந்தன.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், வினையே அதில்தான் இருந்தது. முகப்பு தெற்கே வயலைப் பார்த்திருக்கும். நடுவில் ஒரு கதவு, இருபுறமும் ஒவ்வொரு ஜன்னல். சமையலறைக் கதவோ வடக்கே ஒரு கல் முற்றத்தில் திறக்கும். அந்த முற்றத்தை வளைத்து "பைர்" என்று அவர்கள் சொல்லும் மாட்டுக் கொட்டில், வண்டிக் கொட்டகை, அதன்மேல் தானியப் பரண், நடுவே எருக்குவியல் என்று, காற்றுக்குப் பயந்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருந்தார்கள்.

பாளையங்கோட்டைக்காரியான அம்மாவுக்கு எருக்குவியல் இருக்கும் பக்கம் "புறவாசல்". "புறவாசல் வழியா வாரவுக நல்ல சோலிக்கு வரமாட்டாக" என்று முதல் நாளே அதைத் தாழிட்டாள். பேச ஒரு ஆள் வராதா என்பதுதான் அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய ஒரே ஏக்கம். முன்வாசலைத் துடைத்து, முன்னறையில் நாற்காலிகள் போட்டு, அச்சுமுறுக்கு சுட்டு டின்னில் நிறைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். யாரும் வரவில்லை. "நம்ம நெறம் பிடிக்கல போல" என்றாள் ஒருநாள். டியூட்டி முடிந்த களைப்பில் அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். சில காலைகளில் கரி எடுக்கப் புறவாசலைத் திறந்தால், படியில் முள்ளங்கி மாதிரி ஏதோ கிழங்கு ஒரு கூடை நிறைய இருக்கும். வேலையாள் வைத்த தீனி என்று அம்மா அதை மாடுகளுக்கே போட்டுவிடுவாள்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் முன்கதவைத் தட்டும் சத்தம். அம்மா தலைப்பைச் சரிசெய்துகொண்டே ஓடினாள். கறுப்புக் கோட்டில் மார்கரெட் ஆன்ட்டியும் கணவரும். "வாங்க, வாங்க" என்று தமிழிலேயே அழைத்து உட்காரவைத்து, அவர்கள் வாய் திறப்பதற்குள் முறுக்கை நீட்டினாள். ஆன்ட்டி ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். கணவர்தான் மெல்லச் சொன்னார். ஊரில் தாத்தா இறந்த செய்தி அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் கிடைத்திருக்கிறது. பனியில் சாலை அடைபட்டதால், தான் வரும்வரை துணைக்கு இருக்கச் சொல்லி அவர்களுக்குப் போன் செய்திருக்கிறார். முதல் விருந்தாளி வந்த சந்தோஷம் முகத்தில் இருக்கும்போதே அம்மா தன் தகப்பன் சாவைக் கேட்டாள்.

அந்த ஊரில் முன்கதவு மணப்பெண்ணுக்கும் பாதிரியாருக்கும் சாவுக்கும் மட்டும்தானாம். மற்றபடி எல்லாரும் முற்றம் வழியாகச் சமையலறைக்குள் வருவார்கள், தட்டக்கூட மாட்டார்கள். ஆன்ட்டி குளிர்காலம் முழுக்க வந்து, கதவைத் தள்ளிப் பார்த்து, இவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று நினைத்து, நாங்கள் சமைத்துச் சாப்பிடக் கொண்டுவந்த கிழங்கைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அது மாட்டுக்குப் போனதையும் பார்த்திருக்கிறார். இருந்தும் அன்று வந்து, அப்பா வரும்வரை அம்மாவின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு நாங்கள் அங்கே இருந்த நாள்வரை அம்மா புறவாசலைத் தாழிடவேயில்லை.

இப்போது நான் இருப்பது அமெரிக்காவில், டெக்சாஸின் சுகர் லேண்டில். அந்தக் கொட்டில்களை விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் அறைகளாக்கிவிட்டதை இணையத்தில் பார்த்தேன். எருக்குவியல் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. இங்கே நாங்கள் கராஜ் வழியாக நுழைந்து கராஜ் வழியாகவே கிளம்புகிறோம். போன மாதம் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்து, அங்கிருந்தே ஃப்யூனரல் ஹோமுக்குப் போய்விட்டாள். வாட்ஸப்பில் எல்லாரும் கைகூப்பினார்கள். "வீக்கெண்ட் கண்டிப்பா வர்றோம்" என்றார்கள். யாரோ ஆர்டர் பண்ணிய பிரியாணி வாசலில் இருந்தது. தினமும் வேலைக்குப் போய்வர ஃப்ரீவே நெரிசலில் அல்லாடுகிறவர்களை என்ன குறை சொல்ல? போன வருடம் இரண்டு தெரு தள்ளி ஒரு அங்கிள் இறந்தபோது, "ஒரு எட்டு போய் அந்த அம்மாவைப் பாத்துட்டு வருவோம், வாட்டி" என்று அம்மா என்னைக் கூப்பிட்டாள். எனக்கு அலுப்பு. நாளைக்குப் போகலாம் என்றேன். அந்த அங்கிளின் மனைவியை நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.