ஊறுகாய் பாட்டிலில் குடைக்கோரை

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற எனக்கு, அதிகாரம் பண்ண மிஞ்சியது ஒரே ஒரு செடி. குடைக்கோரை. பணக்காரர்கள் வீட்டுக் குளத்தில் அழகுக்கு வளர்ப்பார்களாம். எங்கள் ராயபுரம் வீட்டு வாசலில், பாதியாக அறுத்த நீல டிரம்மில், லாரிப் புழுதி தின்று வளர்ந்தது. ஒன்பது தண்டு, ஒவ்வொன்றின் உச்சியிலும் குடைக்கம்பி மாதிரி விரிந்த இலைகள். தினமும் பழைய பனியனால் துடைப்பேன். தன் முகத்தை நான் இப்படி ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை என்பது என் மனைவியின் புகார். உண்மைதான்.

போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று எழுந்து பார்த்தால், டிரம் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கிறது. பூசை முடிந்து அவள் வந்தாள், கையில் ஒரே ஒரு கோரைத்தலையோடு.

"இன்னாமே இது?"

"போன வருசம் உன்ன எழுப்பிகினு கெடந்தேன். அதுக்குள்ள கோயில்ல ஓல தீந்துபோச்சி. ஓலப் பவனில வெறுங்கைய வீசிகினு நடந்தேன். இந்தவாட்டி எல்லாரும் ஷோக்கா கீதுன்னு கேட்டாளுங்க. எட்டு பேருக்குக் குடுத்தேன்."

"வேரு?"

"கொசு மொய்க்குது. குப்ப வண்டில போட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன். தலையை வெட்டித் தலைகீழாகத் தண்ணீரில் போட்டால் வேர்விடும் என்று நர்சரிக்காரர் சொன்னது நினைவுக்கு வர, அந்த ஒற்றைத் தலைக்குக் கையை நீட்டினேன். அவள் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சாமியார் மந்திரிச்சது. தலகீழாக் கவுத்தா பாவம்."

"ஏம்மே, இராயப்பர எப்டி சிலுவையில அறைஞ்சாங்க?"

ஆண்டவரின் தலைமைச் சீடர் இராயப்பர், எங்கள் ஊருக்கே பேர் கொடுத்தவர். தன்னைத் தலைகீழாக அறையச் சொல்லி அவரே கேட்டார் என்று எனக்கு நூறு தடவை சொன்னவள் அவள்தான்.

"அவரு தலகீழாத் தொங்கலாம், கோரை தொங்கக் கூடாதா?"

சுவரிலிருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கொடுத்தாள். ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து வைத்தேன்.

மூன்றாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஈஸ்டருக்கும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் நூல் மாதிரி ஒரு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. மந்திரித்ததால்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றியவனை எவரும் விசாரிக்கவில்லை.

இந்த வருடம் டிரம்மில் மறுபடி ஏழு தண்டு. குருத்தோலை ஞாயிறு காலை, கத்தியோடு என் கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு. நீயே வெட்டிக் குடு."

ஒன்று வெட்டினேன். பிறகு இன்னொன்றும்.

"அது யாருக்கு?"

"எனக்கு. நானும் வரேன்." அவள் முகம் மலர்வதைப் பார்த்து அவசரமாகச் சொன்னேன். "சாமி கும்பிட இல்லமே. நீ வழியில எவளுக்காச்சும் குடுத்துருவ."

ஓசன்னா பாடி எல்லாரும் ஓலையை உயர்த்தினார்கள். நான் அவள் பிடித்திருந்த கோரையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவள் முகமும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.