பெட்டியில் போன புடவை

மணி 3.42.

நிர்மலா பீரோவைக் குடைந்துகொண்டிருந்தாள். மடித்து வைத்த புடவைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவளுடைய முகூர்த்தப் புடவை.

"கெடச்சுதாடி?" வாசலிலிருந்து மாமியார் கோவிந்தம்மாள் கத்தினாள். கையில் பித்தளைச் சொம்பு. மடியில் மூன்று முழம் மல்லி.

"கெடச்சிருச்சு அத்தை!"

"செருப்புப் போடாத. அப்படியே ஓடியா."

புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து ஸ்கூட்டரை உதைத்தாள் நிர்மலா. கோவிந்தம்மாள் பின்னால் ஏறி, மருமகளின் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதுவரை ஒரு முறைகூட அந்த வண்டியில் ஏறாதவள்.

"எத்தன மணிக்குடி அவன் தண்ணியில எறங்குவான்?"

"நாலு மணிக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே அத்தை எழுதிக் கொடுத்தேன்..."

இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நடந்தது நடந்ததுதான். போன ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில். அமாவாசை இல்லை, நாய் ஊளை இல்லை. சுள்ளென்று வெயில். இதில் வரும் போட்டோ, அழைப்பு ஒவ்வொன்றின் நேரமும் நிர்மலாவின் போனில் இன்றைக்கும் பதிவாக இருக்கிறது.

நிர்மலாவின் கணவன் வீரமணியின் ஊர் பென்னாகரத்துக்குப் பக்கம். வேலை பெங்களூரில். கம்பெனி அவனைப் பயிற்சிக்காக இரண்டு வாரம் ஸ்பெயினுக்கு அனுப்புகிறது என்று தெரிந்த அன்றே நிர்மலா திட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். பயிற்சி முடிந்ததும் ஐந்து நாள் லீவு. இவளும் போய்ச் சேர்ந்துகொள்வாள். பெனிடோர்ம் என்று ஒரு கடற்கரை ஊர். கரையோரமாக வானத்தை முட்டும் ஓட்டல்கள். காலையிலிருந்து நடுச்சாமம் வரை பாட்டும் கூத்துமாக இருக்குமாம். நான்கு மாதம் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுது, பதினோராவது மாடியில் கடலைப் பார்த்த அறையாகப் பிடித்தாள். எந்த நாள் எங்கே போவது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று நான்கு பக்கத்துக்கு அட்டவணை. அதில் இரண்டாம் நாள் இப்படி எழுதியிருந்தாள்: 'பகல் 12.30, கடல் குளியல். போனை ரூம் லாக்கரில் வைத்துவிட்டு இறங்கவும்.'

அங்கே பன்னிரண்டரை என்றால் இங்கே நான்கு.

கடலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. வீரமணி நான்கு வருஷமாகக் குளத்தங்கரைக்குக்கூடப் போவதில்லை. அவனுடைய முதல் மனைவி கலைமதி காவேரியில் போனவள். பரிசல் கவிழ்ந்தது. இரண்டு பேரும் விழுந்தார்கள். அவன் மட்டும் கரையேறினான். "கை எட்டல... கை எட்டல..." என்று ஊரைக் கூட்டி அழுதான். மூன்றாம் நாள்தான் அவள் உடல் கிடைத்தது. அந்தப் பயத்தைப் போக்கிவிட வேண்டும் என்று நிர்மலா நினைத்தாள்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமோ, முதல் பயணமோ, எந்த நல்ல காரியமானாலும், சுமங்கலியாகச் செத்துப்போன பெண்ணை முதலில் கூப்பிட வேண்டும். பூவாடைக்காரி என்பார்கள். தண்ணீர்க் கரைக்குப் போய்ப் பூவை விட்டுப் பெயர் சொல்லி அழைப்பார்கள். பூ ஓட்டத்தோடு போனால் அவள் வரவில்லை. எதிர்த்து நின்றால் வந்துவிட்டாள். சொம்புத் தண்ணீரில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுப்புடவை வைத்துப் படைக்க வேண்டும். மூன்றாம் நாள் அந்தப் புடவையை வீட்டு மருமகள் கட்டிக்கொள்ள வேண்டும்.

அப்படித்தான் வீரமணி கிளம்புமுன் கலைமதியைக் கூப்பிட்டார்கள். பூ நின்றது. கத்தரிப்பூ நிறத்தில் மஞ்சள் கரை போட்ட புடவை வைத்தார்கள்.

மூன்றாம் நாள் நிர்மலா வீட்டுக்குத் தூரம். புடவையைக் கட்ட முடியவில்லை. மாமியாரிடம் சொன்னால் பயணத்தைத் தள்ளிப் போடச் சொல்வாள். நிர்மலா யோசித்தாள். அந்த வெள்ளை மணலில் இந்த நிறம் எடுப்பாக இருக்கும். அங்கே போய்க் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டால் ஆயிற்று...

புடவையை மடித்து வீரமணியின் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அவன் போனான். இவளுக்கு விசா வரவில்லை. "ரூமை கேன்சல் பண்ண முடியாதாம், நான் மட்டும் போய் எட்டிப் பாத்துட்டு வரேன்" என்று பயிற்சி முடிந்ததும் அவன் பெனிடோர்ம் போய் இறங்கினான்.

அந்தச் சனிக்கிழமை, மதியம் 1.05. முதல் போட்டோ வந்தது. பால்கனி, நீலக் கடல். கைப்பிடிக் கம்பியில் கத்தரிப்பூ நிறப் புடவை காய்ந்துகொண்டிருந்தது.

"புடவைய எதுக்குங்க காயப் போட்டீங்க?" என்று எழுதினாள்.

"எந்தப் புடவ?" என்று பதில் வந்தது. "கம்பியில ஒண்ணுமே இல்லியே."

மணி 2.10. அவன் குரலைப் பதிவு செய்து அனுப்பினான். கீழே தெருவில் பாட்டுக் கச்சேரி. டிரம்ஸ், கைதட்டல், சிரிப்பு. "கேளு நிர்மலா, நம்ம ஊர்த் திருவிழா தோத்துப்போவும்!" என்றான். அவன் குரலுக்கு அடியில் இன்னொரு சத்தம்.

சளக்... சளக்... சளக்...

அவள் மூன்று முறை கேட்டாள். துடுப்பு தண்ணீரைத் தள்ளும் சத்தம். பதினோராவது மாடியில்.

மணி 2.48. அவனே அழைத்தான். சிரித்தான். "இங்க ஒரே கூத்து போ. ரெண்டு பேருக்கு டிபன் கொண்டாந்து வெச்சுட்டாங்க. பாத்ரூம்ல இருந்து கீழ் ரூமுக்குத் தண்ணி ஒழுவுதாம். உங்க வொய்ஃப் குளிச்சு முடிச்சாங்களான்னு கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவ பென்னாகரத்துல குளிச்சா இங்க எப்படிம்மா ஒழுவும்னேன்!"

நிர்மலா சிரிக்கவில்லை.

மணி 3.20. வீடியோ அழைப்பு. கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே பேசினான். குடைகள், ஐஸ்கிரீம் கடைகள், அரைகுறை உடையில் ஆயிரம் பேர். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, அவனுக்கு இருபதடி பின்னால்...

கத்தரிப்பூ நிறம்.

"என்னாங்க... திரும்பிப் பாருங்க."

திரும்பினான். "யாரும் இல்லியே?"

இப்போது பத்தடி.

முகம் தெரியவில்லை. தலைமுடி முன்னால் தொங்கியது. சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் வெயில் கொதிக்கும் கல்தரையில் ஈரக் காலடிகள்.

எட்டிப் பார்த்த கோவிந்தம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "நிர்மலா... அந்தப் புடவய நீ கட்டுனியா இல்லியா?"

"இல்ல அத்தை... அது அவரு பெட்டியில..."

"அடி பாவி! உசுரோட இருக்கறவ கட்டி அவுத்தாத்தான் அது புடவ. அதுவரைக்கும் அது அவளேதான்டி! கூப்பிட்டு வந்தவள மடிச்சுப் பெட்டியில வெச்சு அனுப்பியிருக்கியே!"

"என்னாங்க, தண்ணியில எறங்காதீங்க! எறங்காதீ—"

"ஹலோ... சரியாக் கேக்கல. ரூமுக்குப் போயி போனை வெச்சுட்டுக் குளிக்கப் போறேன். உன் அட்டவணைப்படிதான் தாயே!" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

திரும்பத் திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. ஓட்டல் எண்ணைத் தேடிப் பிடித்து அடித்தாள். ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். கொஞ்சம் இருங்கள் என்றாள். பிறகு இனிமையாகச் சொன்னாள்.

"அவர்கள் இரண்டு பேரும் இப்போதுதான் சேர்ந்து வெளியே போனார்கள் மேடம்."

அப்போது மணி 3.39.

"கூப்பிட்ட எடத்துலயே திருப்பிக் கூப்பிடணும்" என்றாள் கோவிந்தம்மாள். "வெறுங்கையோட கூப்பிட்டா வரமாட்டா. உன்கிட்ட இருக்கறதுலயே ஒசந்தது எது?"

அதற்குத்தான் நிர்மலா பீரோவைக் குடைந்தாள்.

ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையில் ஸ்கூட்டர் இறங்கியது. வளைவுக்கு வளைவு குரங்குகள்.

"மெதுவாப் போடி, விழுந்துரப் போறோம்!"

"சரிங்க அத்தை."

"மெதுவா எதுக்குடி போற, வேகமாப் போ!"

மணி 4.00. இன்னும் ஆறு கிலோமீட்டர் இருந்தது. நிர்மலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்நேரம் கால் வைத்திருப்பான்... முழங்கால் வரைக்கும் போயிருப்பான்... என் புத்தியை எதால் அடிப்பது?

மணி 4.19. அருவியைத் தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத பழைய பரிசல் துறை. கலைமதியைக் கடைசியாகக் கூப்பிட்ட இடம். வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

கோவிந்தம்மாள் ஒரு முழம் பூவைக் கிள்ளித் தண்ணீரில் விட்டாள். "கலைமதி... வாம்மா!"

பூ ஓட்டத்தோடு போனது.

இரண்டாவது முழம். "கண்ணு, உனக்குக் கோடி கும்பிடு. வந்துரு!"

அதுவும் போனது.

மணி 4.33. நிர்மலா போனை மாமியார் கையில் கொடுத்தாள்.

மூன்றாவது முழத்தை நிர்மலா வாங்கினாள். முகூர்த்தப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால்... இடுப்பு... ஓட்டம் இழுத்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது.

"அக்கா!" குரல் உடைந்தது. "தப்பு என்னுதுக்கா. உன்னப் பெட்டியில வெச்சது நான்தான். அவரு ஒண்ணும் பண்ணல. அவர விட்டுரு. என் புடவயக் கட்டிக்க. நம்ம வூட்டுக்கு வந்துரு..."

பூவை விட்டாள்.

போனது.

ஒரு அடி... இரண்டு அடி...

நின்றது.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பூ மட்டும் நின்றது.

பிறகு மெதுவாக... எதிர்நீச்சலாக... அவளை நோக்கி வந்தது.

மணி 4.37.

தண்ணீருக்குள் அவள் இடது மணிக்கட்டை ஏதோ தொட்டது.

ஐந்து விரல்கள்.

சில்லென்று. இறுக்கமாக.

இழுக்கவில்லை. முழுகுகிறவள் பிடிப்பதுபோல்... பிடித்துக்கொண்டது.

நிர்மலா கையை வெடுக்கென்று—

"ஒதறாத!"

பின்னாலிருந்து குரல்.

உதறவில்லை. பல்லைக் கடித்தாள். ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி. அந்தப் பிடியும் கூடவே வந்தது.

கரை.

கை வெறுமையாக இருந்தது.

தோளில் முகூர்த்தப் புடவை இல்லை.

இருவரும் வண்டியில் திரும்பினார்கள். பென்னாகரம் எல்லையில் நிர்மலா சொன்னாள். "நீங்க மட்டும் ஒதறாதன்னு கத்தலன்னா நான் ஒதறியிருப்பேன் அத்தை."

"நானா?" என்றாள் கோவிந்தம்மாள். "பயத்துல எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. நான் வாயே தொறக்கலியேடி..."

மணி 5.31. போன் அடித்தது. வீரமணி.

"நிர்மலா... பொழச்சுட்டேன். மார்பு வரைக்கும் தண்ணியில நின்னேன். என்னமோ என்னை உள்ள இழுத்துச்சு. சட்டுனு விட்டுருச்சு. காப்பாத்துறவங்க வந்து தூக்கிட்டாங்க. சீட்டுல மணி எழுதியிருக்காங்க பாரு... 1.07."

அங்கே 1.07. இங்கே 4.37.

வீட்டில் கீழே கிடந்த புடவைகளை எடுத்து வைக்க நிர்மலா பீரோவைத் திறந்தாள். முகூர்த்தப் புடவை இருந்த இடத்தில் கத்தரிப்பூ நிறப் புடவை மடித்த நிலையில் இருந்தது. ஈரமாக. மஞ்சள் கரையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

காவேரியில் ஏது உப்பு?

அந்த ஈரத்தோடு அதை அப்போதே கட்டிக்கொண்டு மாமியார் காலில் விழுந்தாள்.

நான்காம் நாள் வீரமணி வந்து சேர்ந்தான். பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்கள். புடவை இல்லை. அவன் வலது மணிக்கட்டில் ஐந்து நீலத் தடங்கள். நிர்மலா தன் இடது கையை அதற்குப் பக்கத்தில் நீட்டினாள். அதே ஐந்து.

"கலைமதி அக்கா என்னையும் பிடிச்சாங்க" என்றாள். "நான் ஒதறல. அதான் உங்கள விட்டுட்டாங்க போல."

வீரமணி தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்தத் தடங்களை விரலால் தடவினான். அப்புறம், நான்கு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னான்.

"கை எட்டலன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்ல நிர்மலா... எட்டுச்சு. இதே மணிக்கட்டுல, கெட்டியாத்தான் பிடிச்சிருந்தா. நான்தான் ஒதறிட்டு நீந்திட்டேன்."