முத்தம்மா என்று எழுதிய பிலோமினா அக்கா

சாத்தாங்காட்டில் என் கம்பிக் கடை வாசலில் லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் சர்ச் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: "நம் கோயில் முன்னாள் எழுத்தர் பிலோமினா இன்று காலை இறைவனடி சேர்ந்தார்." அதன் கீழே கூப்பிய கைகளாக வந்து விழுந்தன. அதில் முக்கால்வாசிக் கைகள், ஆறு வருஷமாக அந்த அம்மாளை எதிரே பார்த்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனவர்களுடையவை. நானும் ஒரு கும்பிடு போட்டேன். போட்டுவிட்டு, சீ என்று போனை மேஜைமேல் எறிந்தேன்.

இராயபுரத்தில் எங்கள் கோயிலுக்கு வந்து போன எல்லோருக்கும் பிலோ அக்காவைத் தெரியும். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று நம் எல்லோருடைய பெயரும் அவர் கையால் ஏதாவது ஒரு பதிவேட்டில் ஏறியிருக்கும். என் மகனைப் பள்ளியில் சேர்க்கப் போன வருஷம், பிறந்த தேதியை ஒரு மாதம் முன்னுக்குத் தள்ளிச் சான்றிதழ் தரச் சொல்லிக் கேட்டேன். நான் அப்போதே பங்குப் பேரவையில் பெரிய ஆள், கேட்டால் கிடைக்கும் என்ற நினைப்பு. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா தொர, உன் புள்ள ஜூன்ல பொறந்துகீறான். அவன மே மாசத்துக்கு நான் எப்டி இஸ்துகினு வர்றது? உன் பொண்டாட்டியாண்ட கேட்டியா?" ஆபீசில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் நான் வெளியே வந்துவிட்டேன். பதிவேட்டில் இருப்பதற்கு மேல் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். இதை முதலில் சொல்கிறேன், பின்னால் நடந்தது அப்போதுதான் விளங்கும்.

டிசம்பர் பிறந்தால் வெள்ளைக்காரர்கள் வருவார்கள். பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து, ரிட்டையர் ஆனவர்கள், தலையில் தொப்பி, கையில் ஃபைல். தங்கள் குடும்பத்தின் கதையைப் புத்தகமாகப் போட, முப்பாட்டன் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி தேடி வருவார்கள். அக்கா பொறுமையாக ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் கொடுப்பார். "செத்தவன தேடி அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாங்கோ பாரு. நம்மாளு உசுரோட கீற அத்தைய பாக்க தண்டையார்பேட்ட வரைக்கும் போறதில்ல" என்பார். நிஜமாகவே அவர்கள்மேல் அவருக்கு மரியாதை இருந்தது. அதுதான் அவருக்கு வினையாக முடிந்தது.

அப்படி வந்தவர்கள்தான் பெல்டன் குடும்பத்து அண்ணனும் தங்கையும். எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய மூதாதை வில்லியம் பெல்டன், ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் குதிரை ஏற்றி வந்த கப்பலில் மதராசுக்கு வந்தவர். சில வருஷம் இராயபுரத்தில் தங்கிக் குதிரை வியாபாரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், அங்கே நிலம் பிடித்து, ஆடு வளர்த்து, பெரிய மனிதர் ஆகிவிட்டார். ஊரில் அவர் பெயரில் தெருவே இருக்கிறதாம். பதிவேட்டில் அவருடைய இரண்டு குழந்தைகளின் ஞானஸ்நானம் இருந்தது. தகப்பன்: வில்லியம் பெல்டன். தாய்: மரியா, உள்ளூர்ப் பெண். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு மரியாவோ அன்னாவோ வைத்துவிட்டால் போதும், சொந்தப் பெயரை யாரும் எழுதமாட்டார்கள்.

பிலோ அக்காவுக்கு அந்தப் பெயர் தெரியும். அந்தக் குழந்தைகளில் இளையவள் அவருடைய பாட்டிக்குப் பாட்டி. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்த பெண்ணுக்கு, கோயிலில் என்ன பெயர் வைத்தாலும் சரி, வீட்டில் முத்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலேறிப் போனவனுக்காகத் துறைமுகத்துக்குப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்த முதல் முத்தம்மாவின் பெயர் அது. எந்தத் தாளிலும் கிடையாது. வாயில்தான் இருந்தது. அக்காவும் வீட்டில் முத்தம்மாதான்.

அக்கா அவர்களை வீட்டுக்கு அழைத்து வஞ்சிரம் குழம்பு வைத்துச் சோறு போட்டார். நானும் போயிருந்தேன். முத்தம்மாவின் கதையைக் கேட்டதும் அந்தத் தங்கை அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, நாம் சொந்தக்காரர்கள் என்று சொல்லி அழுதாள். அக்காவும் அழுதார். மறுநாள் அவர்களுக்கு எழுதிக் கொடுத்த சான்றிதழில், தாயின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், "மரியா என்கிற முத்தம்மா" என்று எழுதினார். தன் வேலைக்காலம் முழுவதிலும் பதிவேட்டில் இல்லாத ஒன்றை அவர் எழுதியது அந்த ஒரு தடவைதான். கோயில் முத்திரையும் குத்தினார்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அழுகை நின்றுவிட்டது. நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தாங்கள் எடுத்துப்போன பதிவேட்டுப் படத்தில் அந்தப் பெயர் இல்லையென்றும், உங்கள் எழுத்தர் ஏதோ ஆதாயத்துக்காக உறவு கொண்டாடப் பார்க்கிறார் என்றும், நடவடிக்கை வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். கோயில் மணிக்கூண்டைப் பழுதுபார்த்துத் தருவதாக அவர்கள் ஏற்கனவே வாக்குக் கொடுத்திருந்தது எங்கள் எல்லோருக்கும் நன்றாகவே ஞாபகம் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்போது பேரவைச் செயலாளர் நான். மன்னிப்புக் கடிதத்தை நான்தான் எழுதினேன். "பதிவேட்டில் இல்லாததைச் சேர்த்தேன், சேர்த்தது பொய்" என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலையில் இருக்கலாம் என்று பங்குச் சாமியார் சொன்னார். அக்கா படித்தார். "சேத்தது தப்பு. அதுக்கு எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன், முட்டி போட சொன்னாலும் போடுறேன். பொய்னு எழுதிகீற பாரு, அத அடி."

"ஒரு வார்த்தைதானேக்கா, போட்டுட்டுப் போங்க" என்றேன் நான்.

"உனுக்கு வார்த்த, தொர. எனுக்கு எங்க ஆயாவோட ஆயாவ பெத்தவ."

அந்த ஒரு வார்த்தையை நான் அடித்திருக்கலாம். பேனா என் சட்டைப்பையில்தான் இருந்தது. அடிக்கவில்லை. "பொய்ச் சான்றிதழ் கொடுத்ததால் விலக்கப்படுகிறார்" என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு அக்கா நடந்துபோனார். திருவொற்றியூரில் தம்பி வீட்டோடு போய் இருந்தார். பூசைக்குக்கூட அப்புறம் நம் கோயில் பக்கம் வரவில்லை.

அடுத்த வருஷம் பெல்டன் குடும்பத்துப் புத்தகம் கோயிலுக்கு வந்தது. வழவழப்பான தாள், கனமான அட்டை. மதராஸ் வாழ்க்கைக்கு அரைப் பக்கம். "தனிமையில் கழிந்த கடினமான வருஷங்கள்" என்று போட்டிருந்தார்கள். இரண்டு குழந்தைகளைப் பற்றி மூச்சே விடவில்லை. எனக்கு மனசு கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அக்கா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்திச் சத்தமாகச் சிரித்தார். "தொர, இங்க பாரேன். கப்பல்ல வந்த குதுரைங்க பேரு அத்தினியும் போட்டுகீறாங்கோ." இன்னும் புரட்டினார். அங்கே போய் ஆளில்லாத காட்டைத் திருத்திக் குடியேறினார் என்று எழுதியிருந்தது. "ஆளில்லாத காடாம். அங்கியும் ஒரு முத்தம்மா இருந்திருப்பா. அவ பேரையும் முழுங்கிகீறானுங்கோ."

புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தார். பிறகுதான் கேட்டார். "வேல வேணாம் எனுக்கு. நீ செயலாளர்தான? நான் எழுதுனது பொய் இல்லன்னு ஒரு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்து போட்டுக் குடு. ஒரே வரி. என் தம்பி பொண்ணுக்கு நான் காட்டணும். அவதான் அடுத்த முத்தம்மா. அவ கிளாஸ்ல யாரோ, உங்க அத்த கள்ள சர்டிபிகேட்டு குடுத்தவதானேன்னு கேட்டுகீது."

"பாக்கலாம்க்கா" என்றேன்.

பார்க்கவில்லை. சாமியார் மாறட்டும் என்று ஒரு வருஷம், மணிக்கூண்டு வேலை முடியட்டும் என்று ஒரு வருஷம், அப்புறம் எந்தக் காரணமும் இல்லாமல் மிச்ச வருஷங்கள். அக்கா திரும்பக் கேட்கவே இல்லை. ஒரு தடவை போன் பண்ணித் திட்டியிருந்தால்கூட எழுதியிருப்பேனோ என்னவோ. திட்டவும் இல்லை.

அடக்கத்துக்குப் போனேன். நம் ஆட்கள் மாலையோடு வந்து, தங்கமான மனுஷி என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மண் போட்டு முடித்ததும் தம்பியைத் தனியாக அழைத்து, "அக்கா என்கிட்ட ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தாங்க. நாளைக்கே எழுதிக் கொண்டுவந்து தர்றேன்" என்றேன். அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"யாருக்கு சார்?" என்றார்.

அவருடைய பெண் சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

பிலோ அக்காவிடமிருந்து உங்களுக்கெல்லாம் அவருடைய அழகான கையெழுத்து மிஞ்சியிருக்கும். பீரோவைத் திறந்தால் இருக்கும். எனக்கு மிஞ்சியிருப்பது நான் கொடுக்காமல் வைத்திருந்த ஒரு வரி. யாருக்கு என்று கேட்டால் பதில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்:

பிலோமினா எழுதியது பொய் அல்ல. பொய் என்று எழுதியவன் நான்.

இப்படிக்கு,
துரைராஜ், அப்போதைய பேரவைச் செயலாளர்.