கல்லுன்னா நேத்து

குந்துங்க, எல்லாம் குந்துங்க! பேசாதீங்க, அப்பறம் பேரு கூப்புட்டா காதுல வுழாது! இப்டி கத்தி கத்தியே தொண்ட போற வேலைங்க நம்மளது. கவர்மெண்ட்டு ஆஸ்பத்திரில ஓபி சீட்டு எழுதுறது, ஒரகடம் பக்கம். பேரு, வயசு, இன்னா நோவு, மூனே கேள்வி தான். ஆனா காலைல லைன்ல நிக்கிறதுல பாதி பேரு பீகாரு, ஒடிசா, அசாமு. மீதிப் பாதி நம்மாளுங்க, அவங்களப் பாத்து மொறச்சிகினு. நடுவுல நான். எந்த கவுண்டர்ல குந்தி திட்டு வாங்குனவங்களா இருந்தாலும் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

இப்ப எதுக்கு சொல்றேன்னா, எங்க நர்ஸ் ஸ்டெல்லா அக்காவ வேற ஊருக்குத் தூக்கியடிக்கணும்னு ஒரு மனு கெளம்புச்சி. குத்தம் இன்னான்னா, ஆஸ்பத்திரில இந்தி பேசுறாங்களாம். அக்கா எப்டிப்பட்ட ஆளுன்னு மொதல்ல கேளுங்க.

வயித்துல கல்லு

ஒரு பீகார்காரன் வயித்தப் புடிச்சிகினு வந்தான். "கல் ஸே தர்த், கல் ஸே தர்த்"னான். நமக்கா தெரியாது? கல்லுன்றான், வயித்தக் காட்றான். சீட்டுல 'வயித்துல கல்லு'ன்னு கொட்ட எழுத்துல எழுதி, ஸ்கேனுக்கு எந்த பஸ்ஸு ஏறணும்னு கையாலயே ஸ்டீரிங் புடிச்சி ஓட்டி வேற காமிச்சேன். அவன் பாவம், மறைமலை நகரு பஸ்ஸப் புடிக்க கெளம்பியே போய்ட்டான்.

ஸ்டெல்லா அக்கா வாசல்ல மறிச்சி, ரெண்டு வார்த்த கேட்டாங்க. அக்கா எங்கயும் போயி இந்தி படிக்கல. வர்றவங்க வாயிலேந்து ஒவ்வொரு வார்த்தையா புடுங்கி, மாத்தர அட்டப்பொட்டி பின்னால எழுதி எழுதி கத்துக்கினது தான். அவனுக்கு கம்பெனி கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கல, அவ்ளோதான் மேட்டரு. அக்கா என் பக்கம் திரும்பி சொன்னாங்க: "கல்லுன்னா அவங்க பாஷைல நேத்துடா! நேத்துலேந்து வலின்னு சொன்னா, நீ அவன் வயித்துல கல்குவாரியே தெறந்துட்டியே!"

ஒரு 'ம்' கொறச்சல்

ஒடிசாக்கார அம்மா ஒன்னு, இடுப்புல கொழந்த. கொழந்த ஒடம்பு அனலா கொதிக்குது. லைன்ல ஒரு பெரியவரு, "தமிழ்ல சொல்லு, வழி வுடறேன்"னு ரயில்வே கேட்டு மாரி கைய குறுக்க நீட்டிகினு நிக்கிறாரு. அந்தம்மா அழுதுகினே "ஜொரொ, ஜொரொ"ன்னுது.

அக்கா வந்து கொழந்தய வாங்குனாங்க. "பெரியவரே, நம்ம வூட்ல ஜொரம்னு சொல்றோம்ல, அதே தான். கடைசில ஒரு 'ம்' கொறையுது, அத மட்டும் நீங்க போட்டுக்குங்க"ன்னாங்க. பெரியவரு ஜொரொ, ஜொரம், ஜொரொ, ஜொரம்னு வாய்க்குள்ளயே நாலு தபா சொல்லிப் பாத்தாரு. கேட்டு தெறந்துச்சி. அப்பறம் எங்கிட்ட வந்து ரகசியமா: "அப்ப ஒடிசான்றது நம்ம மணிமங்கலம் தாண்டி தான் கீதா?"

மெரட்டுனா தமிழ்

அக்கா இந்தி பேசுற எல்லாருக்கும் கொஞ்சுவாங்கன்னு நெனச்சிகாதீங்க. ஒரு நாளு இஸ்திரி கலையாத சட்டைல ஒரு கம்பெனி சூப்பர்வைசரு வந்தாரு, லைன்ல நிக்கல. என் மேஜயத் தட்டி, "ஹிந்தி மே போலோ! ஹிந்தி நஹீ ஆத்தி?"ன்னு, இந்தில தான் பேசணுமாம், தெரியாதான்னு ஒரு சவுண்டு. அவர மாரியே மூக்கத் தூக்கிப் பேசிக் காட்டலாம்னு வாயத் தெறந்தேன். அக்கா கண்ணாலயே மூடுனாங்க. அப்பறம் அவருகிட்ட, நிறுத்தி நிதானமா, முழுக்க முழுக்க தமிழ்ல, லைன்ல வாங்கன்னு சொல்லிட்டு உள்ள போய்ட்டாங்க. மனுசன் பேந்தப் பேந்த முழிக்கிறாரு.

"உங்களுக்குத் தான் இந்தி தெரியுமேக்கா?"ன்னேன். "வலிக்குதுன்னு வந்தா எந்த பாஷையும் பேசுவேன்டா. மெரட்டிகினு வந்தா எனக்கு தமிழ் மட்டும் தான் தெரியும்."

மனு

டயர் கட வெச்சிகினுகீற தனசேகரு தான் மனு எழுதுனவரு, அத எடுத்துகினு நம்ம லைனுக்கே வந்துட்டாரு. அவரு கோவத்துலயும் ஞாயம் கீதுங்க. தம்பி வேல கேட்டுப் போன கம்பெனில, கேட்டுல நின்ன செக்யூரிட்டி இந்தில வெரட்டி வுட்டுகிறான். "நம்ம ஊர்ல, நம்ம ஆஸ்பத்திரிலயுமாடா?"ன்னாரு. லைன்ல ஏழெட்டு பேரு கையெழுத்தும் போட்டுட்டாங்க. அக்கா ஊசி போட்டுகினே எல்லாத்தயும் கேட்டுகினு இருந்தாங்க. மொகம் மட்டும் சின்னதா போச்சி.

பெஞ்சு ஓரத்துல தனசேகரு சம்சாரம் கஸ்தூரி. பேரு கேட்டாக் கூட தலைய குனிஞ்சிகினு தான் சொல்லும். போன வாரம் அது நெஞ்சத் தடவிகினே நடக்கறத தூரத்துலேந்து பாத்துட்டு, கையப் புடிச்சி டாக்டரு கிட்ட இட்டுகினு போனது ஸ்டெல்லா அக்கா தான்.

மனு அந்த பெஞ்ச தாண்டவே இல்லீங்க. தனசேகரு பண்ண ஒரே தப்பு, ஊரெல்லாம் கையெழுத்து கேட்டுட்டு கடைசியா சொந்தப் பொண்டாட்டி கிட்ட கேட்டது தான்.

"போடு கஸ்தூரி. தமிழ்ல பேசுனா தான நமக்குப் புரியும்?"னு பேனாவ நீட்டுனாரு.

கஸ்தூரி பேனாவ வாங்கல.

"மூனு மாசமா நெஞ்சு வலிக்குது, நெஞ்சு வலிக்குதுன்னு உங்கிட்ட தமிழ்ல தானய்யா சொன்னேன், உனக்குப் புரிஞ்சிதா?"