சூசைராஜின் மூன்றாவது புத்தகம்

செய்தி வந்தபோது நான் உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். நம் வாசகர் குழுவின் வாட்ஸப்பில் சூசைராஜின் படம். நீலச் சட்டை, ஒரு பக்கம் சாய்ந்த மூக்குக்கண்ணாடி. அவருடைய ஒவ்வொரு புத்தக வெளியீட்டு அழைப்பிதழிலும் வரும் அதே படம். கீழே நீளமாக ஏதோ எழுதியிருந்தது. நீளமாக எழுதியதை நான் படிப்பதில்லை என்பது மூவுலகும் அறிந்த கொள்கை. உடனே தட்டிவிட்டேன்: "வாழ்த்துகள் எழுத்தாளரே! முதல் ஆளாக வந்து நிற்பேன். முதல் பிரதி எனக்குத்தான்."

அரை நிமிடத்தில் குழுவின் செயலாளர் அழைத்தார். "தலைவரே, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க? சூசை சார் காலைல நெஞ்சு வலில செத்துட்டாரு. மொதல்ல அத அழிங்க." அழிக்கத் தெரியாமல், பதற்றத்தில் கைதட்டும் பொம்மை ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். நான் ஏறவேண்டிய களமருதூர்ப் பேருந்து என் கண்முன்னே வந்து நின்று புறப்பட்டுப் போனது. ஏறவேண்டும் என்று தோன்றவில்லை. அன்று அந்தக் குழுவில் இருந்த நீங்கள் அத்தனை பேரும் என்னை மன்னிக்க வேண்டும். மன்னிப்பு என்ற சொல்லை இந்தக் கட்டுரையில் இதற்கு மேல் எப்படிப் பயன்படுத்துவது என்று எனக்கே தெரியவில்லை.

சூசைராஜ் எங்கள் ஊர்க்காரர், கால்நடை ஆய்வாளர். பணிக்காலத்தில் பெரும்பகுதியைக் கல்வராயன் மலையில் கழித்தவர். அரசியல், சமூகம், எழுத்து என்று மனதில் பட்டதையெல்லாம் எழுதி நான்கு புத்தகங்கள் போட்டார். கட்சி இல்லை, அமைப்பு இல்லை, பதிப்பகம்கூட இல்லை. நான்கு விழாவிலும் மேடையேறி முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டவன் நான். இந்தத் துறையில் தெற்காசியாவிலேயே எனக்குப் போட்டி கிடையாது. மற்றவர்கள் பிரதியை மேடையிலேயே பிரித்துக் காட்டுவார்கள். நான் மட்டும் வண்ணக் காகிதமும் நாடாவும் கலையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, நிலப் பட்டா இருக்கும் பீரோவில் வைத்துப் பூட்டுவேன். அத்தனை மரியாதை. உண்மையைச் சொன்னால், அத்தனை சோம்பல்.

மலையில் அவர் வேலை செய்த விதம் அலாதியானது. தடுப்பூசிப் பெட்டியோடு கைப்பிரதியையும் கொண்டுபோவார். ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இவர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே கட்டுரையை வாசித்துக் காட்டுவார். ஆட்டைப் பிடித்தவர் ஓட முடியாதல்லவா! கேட்பவர் கொட்டாவி விட்டால் அந்தப் பத்தியை அங்கேயே அடித்துவிடுவார். வெள்ளிமலைப் பக்கம் ஓர் அம்மாள், "சார், ஊசியப் போட்டுட்டு படிங்க. ஆடு ஓடிட்டா நீங்களா புடிச்சிக் குடுப்பீங்க?" என்று அதட்டியிருக்கிறார். அதே அம்மாள்தான், மலைக்குச் சாலை வந்தால் முன்னேற்றம் வரும் என்று இவர் வாசித்ததைக் கேட்டு, "ரோடு வந்துச்சி சார். எங்க புள்ளைங்க அதுல எறங்கிப் போயிடுச்சிங்க. முன்னேத்தம்தான் இன்னும் ஏறிக்கினு கீது" என்றாராம். சூசைராஜ் தன் வரியை அடித்துவிட்டு அந்த அம்மாளின் வரியை எழுதிக்கொண்டார். "தலைவரே, அந்தப் புஸ்தகத்துல உருப்படியான வரி அது ஒண்ணுதான். அதுவும் என்னுது இல்ல" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

விழாக்களில் அவருக்குப் போர்த்தும் பொன்னாடைகளும் மலைக்குத்தான் போகும். மார்கழிக் குளிரில் பிறக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கு அவற்றைப் போர்த்திவிடுவார். ஒரு வருடம் நான் கரியாலூருக்குப் போனபோது, சரிகைப் பொன்னாடையோடு ஏழெட்டுக் குட்டிகள் அமைச்சரவை போல எதிரே வந்தன. நான் கும்பிட்டுவிட்டேன். எழுத்தில் வெற்றி என்றால் என்ன என்று அங்கே வைத்துத்தான் அவரிடம் கேட்டேன். "எழுதி முடிச்ச அன்னைக்கு சோறு ருசியா எறங்கணும் தலைவரே. எறங்கலன்னா எங்கயோ பொய் எழுதியிருக்கேன்னு அர்த்தம்" என்றார்.

அரசியலில் அவர் யார் பக்கம் என்று யாருக்கும் பிடிபட்டதில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் அவரை மற்றவர் ஆள் என்றார்கள். "எல்லாருக்கும் கோவம் வருதுன்னா நீங்க சரியா எழுதுறீங்கன்னு அர்த்தம்" என்று ஒருமுறை புகழ்ந்தேன். "அப்படியும் இல்ல தலைவரே. சுமாரா எழுதுனாலும் கோவம் வரும்" என்றார்.

என்னைத் தலைவரே என்று ஊர் அழைப்பதற்குக் காரணம் நான் தலைவர் ஆகாததுதான். ஊராட்சித் தேர்தலில் நின்று ஒரே ஓட்டில் தோற்றேன். பானிபட்டுக்குப் பிறகு இப்படியொரு தோல்வியைப் பாரதம் கண்டதில்லை. எனக்குத் துண்டறிக்கை எழுதி, வீடு வீடாக என்னோடு வந்தவர் சூசைராஜ். அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. என் மனைவி செல்வியைக்கூட, குழம்பில் உப்பு குறையும்போதெல்லாம், "நீ பூட்டு சாவிக்குத்தான போட்ட?" என்று கேட்பேன். பூட்டு சாவி என் சின்னம். அவள் பதிலே சொன்னதில்லை.

அடுத்த வருடம் மூன்றாவது புத்தகம் வந்தது. வழக்கம்போல முதல் பிரதி, வழக்கம்போல பீரோ. பத்து நாள் கழித்து உளுந்தூர்பேட்டையில் ஓர் ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் பரோட்டாவைத் தொடவே இல்லை. "படிச்சீங்களா தலைவரே?" என்றார். "பிரமாதம்" என்றேன். "குறிப்பா அந்த நடுப்பகுதி." எந்தப் புத்தகத்துக்கும் ஒரு நடுப்பகுதி இருக்குமே என்ற துணிச்சல்தான். அவர் முகம் என்னவோ ஆகிவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு வருத்தமே இல்லையா?" என்றார். எழுத்தாளர்கள் உணர்ச்சிவசப்படுகிறவர்கள் என்று நினைத்து, "இன்னா வருத்தம்? உங்க எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். விடுங்க, பரோட்டா ஆறுது" என்றேன். அவர் கண் கலங்கிச் சாப்பிட்டார். என் பாராட்டின் வலிமையை எண்ணி நான் மூன்று நாள் வியந்துகொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய மனைவி ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நினைவுக் கூட்டத்துல நீங்கதான் பேசணும். நீங்க அவர மன்னிச்சத அவரு கடசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு."

நான் பெரியவர்களுக்கே உரிய முறையில் தலையாட்டினேன்.

"அந்தப் புஸ்தகம் வந்தப்ப பத்து நாளா ஒழுங்கா சாப்புடல. நீங்க அந்த ஓட்டல்ல பேசின அன்னைக்கு வூட்டுக்கு வந்து, 'தலைவரு மன்னிச்சிட்டாரு ஸ்டெல்லா'ன்னாரு. அப்புறம்தான் நிம்மதியா சாப்ட்டாரு. உங்க மனசு யாருக்குண்ணே வரும்?"

நான் எதை மன்னித்தேன்? வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். நாடாவை அவிழ்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புத்தகத்தின் நடுப்பகுதிக்கு நேராகப் போனேன்.

அங்கே இருந்தது. சூசைராஜ் எழுதியிருந்தார்: "ஏரியில் தண்ணீர் குறையும் வருடத்தில் நான்கு பேரிடம் இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் தலைவராக வேண்டும். என் நண்பருக்கு அந்தச் சொல் வராது. கேட்கிற எல்லோருக்கும் ஆகட்டும் என்பார். கடைசி வயலுக்குச் சொட்டு போகாது. அவருக்காகத் துண்டறிக்கை எழுதிய கையாலேயே மற்றவர் சின்னத்தில் முத்திரை வைத்தேன். ஒரு ஓட்டில் தோற்பார் என்று அப்போது தெரியாது. ஊருக்குச் சரியானதைச் செய்ததாக நம்புகிறேன். நண்பருக்குச் செய்தது சரியா, தெரியவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. ஆகவே இந்தப் புத்தகத்தின் முதல் பிரதியை அவர் கையில் கொடுக்கிறேன்."

மூன்று முறை படித்தேன். கோபம் வந்தது. அது முழுசாக வருவதற்குள் அழுகை வந்தது. அதற்குள் இன்னொன்று உறைத்தது: நீங்கள் எல்லோரும் இதைப் படித்திருக்கிறீர்கள்! அந்த வருடம் ஆசிரியர்கள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றது, பாதிரியார் என் தோளைத் தட்டிக் கொடுத்தது, எல்லாம் நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துத்தானா? என் மீசைக்கு என்றல்லவா நினைத்திருந்தேன்!

சமையலறைக்குப் போய்ச் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அந்த ஓட்டு சூசையோடதும்மா. உன்ன சந்தேகப்பட்டது தப்பு."

அவள் அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. "அது அவரு ஓட்டு. நான் எங்க போட்டேன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். அதையும் எவனாச்சும் புஸ்தகத்துல எழுதுனா படிச்சித் தெரிஞ்சிக்கங்க."

நினைவுத் திருப்பலி முடிந்து கோவில் கூடத்தில் கூட்டம் நடந்தது. மன்னித்த மகானாக ஒரு முழக்கம் முழங்கலாம் என்றுதான் போனேன். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றதும் முழக்கத்தை விட்டுவிட்டேன். அந்தப் பத்தியை மட்டும் வாசித்துவிட்டு இறங்கினேன். பாதியில் நான் நிறுத்தியதை நீங்கள் துக்கம் என்று நினைத்திருப்பீர்கள். "நண்பர்" என்று வந்த இடத்தில் எல்லாம் எனக்கு எழுத்து மங்கியது உண்மை. ஆனால் அது துக்கமா ஆத்திரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லோரும் போன பிறகு ஸ்டெல்லாவிடம் உண்மையைச் சொன்னேன். பிரிக்காத பிரதி, நடுப்பகுதி, பரோட்டா, எல்லாவற்றையும்.

"அப்ப, நீங்க மன்னிக்கவே இல்லையா?"

"அப்ப மன்னிக்க இன்னா இருக்குதுன்னே தெரியலம்மா."

"சரி, அவரு நிம்மதியா போயிட்டாரு. அது போதும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பதான் படிச்சிட்டீங்களே. இப்ப மன்னிச்சிட்டீங்களா?"

ஸ்டெல்லா கேட்டு நான் மறுத்தது எதுவும் கிடையாது. "இல்லம்மா" என்றேன், எனக்கு வராத அந்தச் சொல்லை. "இன்னும் இல்ல."

அடக்கத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

நண்பர்களே, சூசைராஜின் புத்தகங்கள் உங்களிடம் இருக்கின்றன. பேனாவை அவர் மகள் எடுத்துக்கொண்டாள், கைப்பிரதிகள் ஸ்டெல்லாவிடம். என் பங்குக்கு வந்தது ஒரு மனத்தாங்கல். எல்லோருக்கும் பழையதாகி, எனக்கு மட்டும் புத்தம்புதியது. தினமும் காலையில் அதை எடுத்துவைத்துக்கொண்டு அவரோடு சண்டை போடுகிறேன். கடைசி வயலுக்கு நான் தண்ணீர் விட்டிருப்பேனா, மாட்டேனா என்று. சில நாள் நான் ஜெயிக்கிறேன், பல நாள் அவர். சமாதானம் ஆகிவிட்டால் அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிடுவார். ஆகவே யாரும் எங்களுக்குள் சமரசம் பேச வரவேண்டாம்.